நீலப் புகையும் உன் மச்சானும்

என் மகன் தம்பிக்கு,

பிள்ளை பால் குடிக்கிறாள், நித்திரை கொள்கிறாள். சுகந்தி எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். நீ முதலில் தேடுவது இந்த வரியைத்தான் என்று தெரிந்து முதலிலேயே எழுதிவிட்டேன். பேத்திக்கு நெற்றி உன் அப்பாவின் நெற்றி, அகலமாக, நடுவில் சின்னப் பள்ளத்தோடு. பார்க்க வருகிறவர்கள் யாரைப் போல என்று யோசிக்க முன்பே நான் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தமையன் வீட்டார் தங்கள் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உன் பெண்சாதி சுகந்தி என் தமையனின் மகள் என்றாலும், இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி மற்றதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இவ்வளவு நீளமாக ஒருவருக்கும் எழுதியதில்லை. கிளாலியால் கடல் கடந்து கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ அங்கேயிருந்து டுபாய்க்கு விமானம் ஏற முன் உன் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். ஏனென்றால் நீ உன் மச்சான், சுகந்தியின் தமையன் நேசனுக்கு எழுதிய கடிதத்தை நான் பார்த்தேன். அவன் காட்டவில்லை. சுகந்திதான் அவன் சேர்ட்டுப் பையிலிருந்து எடுத்து வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். வான் வண்டியை நாசமாக்கினவன் என்று எழுதியிருக்கிறாய். ஒயில் அளவு பார்க்கத் தெரியாதவனிடம் எஞ்சினை எடுக்கிற திறப்பைக் கொடுத்தது உன் மடைத்தனம் என்று எழுதியிருக்கிறாய். அவன் இனி உன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறாய். அவன் நீ சொன்னபடியே நடக்கிறான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசல் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, தங்கச்சி சாப்பிட்டாளா, பிள்ளை அழுதாளா என்று கேட்டுவிட்டுப் போகிறான். உள்ளே வரச் சொன்னால், சைக்கிளுக்குக் காற்றுப் போய்விடும் என்று ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். பிள்ளைக்குத் தாய்மாமன் அவன் ஒருவன்தான். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வருகிறது. பிறகு காது குத்து வரும். அவன் மடியில் இருத்தாமல் வேறு யார் மடியில் இருத்துவது?

ஒயிலை அளவுக்கு மேலே கூட ஊற்றிவிட்டேன், அதனால்தான் எஞ்சின் பிடிவிட்டு ஓடி வெடித்தது என்று அவன்தானே உனக்கு எழுதினான் என்று நீ கேட்பாய். ஓம், அவன்தான் எழுதினான். அவன் எழுதியது உண்மையில்லை. சுகந்தியைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோக அன்று வெளிக்கிட முன் அவன் ஒயில் குச்சியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு இழுத்துப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவள் நான். சுகந்தியின் துணிமூட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. ஒரு சொட்டுக்கூட அவன் ஊற்றவில்லை. ஊற்ற வீட்டில் ஒயில் இருக்கவும் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

ஆகவே அன்று எஞ்சின் கக்கிய அந்தப் புகை எங்கேயிருந்து வந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ என் சொல்லைத் தட்டாமல் கேட்க வேண்டும். உன் அப்பா கொழும்பில் லொறி வேர்க்‌ஷொப்பில் வேலை செய்த காலம் முழுக்க அவருடைய ஒயில் துணிகளைத் தோய்த்தவள் நான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது எங்கள் கையில் இருந்தது உன்னுடைய கையும் அவர் நட்டுக் கழற்றுகிற சாவிப் பெட்டியும்தான். பிறகு வீட்டு வளவிலேயே மற்றவர்களின் வாகனங்களைப் பார்த்தார். அவர் ஒரு வாகனத்தைத் திறக்க முன் இரவு அதன் கீழே பழைய பெட்டி மட்டையை விரித்துவிட்டு வந்து படுப்பார். காலையில் மட்டையை வெளிச்சத்தில் பிடித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். கறுத்த சொட்டு எஞ்சின் ஒயில். தடித்து, நாறினால் கியர்ப் பெட்டி. விரலில் ஒட்டாமல் ஓடினால் தண்ணீர். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்கக்கூடாது, ஓடுகிற காற்று அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும், அதனால் முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எது முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும் என்பார். புகையும் அப்படித்தான். கறுப்பென்றால் எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை. விடியக் குளிரில் வெள்ளையாக வந்து பிறகு நின்றுவிட்டால் பயமில்லை. நீலமாக வந்தால் எஞ்சின் தன் ஒயிலைத் தானே குடிக்கிறது.

அந்த டேர்போ வானை நீ சண்டையில் பாதை பூட்ட முன் கொழும்பிலிருந்து ஓட்டிவந்த நாள் எனக்கு மறக்காது. அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் முன் சீற்றைத் தூக்கி எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டையும் மறந்திருப்பார். பிறகு டீசல் வருவது நின்றது. ஊரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சின் காய்ந்து போகாமல் இருக்க நீயும் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் தேங்காயெண்ணெயைக் கலந்தாய். அதிலிருந்து எங்கள் ஊரில் புகைக்கு நிறமில்லாமல் போய்விட்டது. எல்லா வாகனமும் புகைத்தது. கறுப்பு, வெள்ளை, நீலம் எது வந்தாலும் மண்ணெண்ணெய்ப் புகை என்று சொல்லிவிட்டுப் போனோம். சந்தியில் நிற்கிற பெடியள் உன் வானைக் கண்டால், "நுளம்புக்கு மருந்தடிக்கிற வான் வருது, வாயைப் பொத்துங்கோடா" என்று சொல்வார்களே, நீயும் சேர்ந்து சிரிப்பாயே.

நீ கொழும்புக்கு வெளிக்கிடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே எனக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை. வழியில் ஆள் ஏறுகிற கொஞ்ச நேரம் எஞ்சின் ஓட நின்ற வானை நீ அழுத்தி எடுக்கும்போது, முதலில் ஒரு நீலக் கட்டி பொத்தென்று வந்து விழும். எண்ணெய்க் கலவைப் புகை என்றால் ஓடுகிற நேரம் முழுக்க ஒரே மாதிரி வர வேண்டும். இது நின்று எடுத்தால் மட்டும் வந்தது. மட்டையை விரித்துப் பார்த்தேன். நிலத்தில் சொட்டில்லை. ஆனால் குச்சியில் ஒயில் குறைந்துகொண்டே போனது. கீழே விழாத ஒயில் வேறு எங்கே போகும்? உன்னிடம் சொன்னபோது நீ கைகழுவிக்கொண்டு நின்றாய். "அம்மா, அது தேங்காயெண்ணெய் எரியிறது. சட்டியிலை பொரிச்சாலும் உந்தப் புகைதானே வரும்?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு திரும்பச் சொல்ல வாய் வரவில்லை.

அது எதனால் வந்தது என்பதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. டேர்போவுக்குள் ஒரு சின்னக் கம்பி சுற்றுகிறது. சைலன்சருக்குப் போகிற நெருப்புக் காற்றுத்தான் அதைச் சுற்றுகிறது, அதற்குக் குளிர்ச்சி எஞ்சின் கொடுக்கிற ஒயில் மட்டும்தான். வேகமாக ஓடி வந்த எஞ்சினை உடனே நிறுத்தினால் ஒயில் நின்றுவிடும். கம்பி மட்டும் சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே நின்ற ஒயில் அடுப்பில் விட்ட பால் போலத் தீய்ந்து கரியாகும். மலைநாட்டிலிருந்து பாரம் இறக்க வருகிற லொறிக்காரரை அப்பா கெஞ்சுவாராம், வந்தவுடன் நிறுத்தாதேங்கோ, ஒரு பிளேன்ரீ குடிச்சு முடியும்வரை சும்மா ஓடவிடுங்கோ என்று. அது கொழும்பு. அங்கே டீசலுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வெயிலில் நின்ற சனம் நாங்கள். சும்மா நிற்கிற வாகனத்தை ஓடவிடுவது பாவம் என்று நினைத்தோம். நீ வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முடக்கிலேயே எஞ்சினை நிறுத்திவிடுவாய். வான் சத்தமில்லாமல் உருண்டு வந்து முற்றத்தில் சரியாக நிற்கும். என்ன கெட்டித்தனம் என்று அயலெல்லாம் சொன்னது. நானும்தான் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன். ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் எந்த வேகத்தில் வந்தாலும் மரத்துக்குக் கீழே விட்டு, திறப்பைத் திருப்பிவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தாய். அதையும் நான் பிழை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அப்படி ஓடியதால்தான் இன்று எனக்கு எழுதுவதற்கு ஒரு மகன் இருக்கிறான்.

அன்று நடந்ததை நேசன் உனக்கு இரண்டு வரியில் எழுதியிருப்பான். நான் பின் சீற்றில் இருந்தவள், நான் சொல்கிறேன். முற்பகலில் சுகந்திக்குப் பேற்று நோ தொடங்கிவிட்டது. மானிப்பாய் ஆசுப்பத்திரிக்கு எவ்வளவு தூரம், பத்துப் பாட்டுப் படிக்க முன் போய்விடலாம் என்று நேசன் பகிடி சொல்லிக்கொண்டுதான் எடுத்தான். சந்தியில் மாடுகள் குறுக்கே போனதால் கொஞ்ச நேரம் எஞ்சின் ஓட நின்றோம். பிறகு வயல்வெளி வீதியில் நேராக ஏறியதும் அவன் அழுத்தினான். எஞ்சின் சத்தம் ஏறியது. பிறகு அவன் காலை எடுத்துவிட்டான், சத்தம் இறங்கவில்லை. மேலும் மேலும் ஏறியது. அவன் கிளச்சை மிதித்து, பிரேக்கில் வானை நிறுத்தி, திறப்பைத் திருப்பினான். நிற்கவில்லை. திறப்பைக் கழற்றியே எடுத்துவிட்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை என் கண்ணைவிட்டுப் போகாது. மண்ணெண்ணெயும் இல்லாமல், திறப்பும் இல்லாமல் எஞ்சின் தன்னுடைய ஒயிலைக் குடித்துத் தானே ஓடுகிறது. பின்னால் வீதியே தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை பனைக்கு மேலே எழும்பியது.

சுகந்தியை இறக்கி இரண்டு பேருமாகத் தாங்கிக் கொண்டுபோய் ஒரு மதகில் இருத்தினோம். அந்த நேரத்திலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணை, மாட்டு வண்டிலிலை போயிருந்தா இப்ப பிள்ளை தவழ்ந்திருக்கும்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. பலாலி ஆமி முகாம் பக்கத்தில் ஹெலிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. வெட்ட வெளியில், எங்கேயிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி அந்தப் புகை நின்றது. சுகந்தியை மதகிலிருந்து அசைக்க முடியாது. ஒயில் முடியும்வரை விட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும், ஆனால் அதுவரை புகையும் நிற்காது. அவன் என்னிடம், "மாமி, தங்கச்சியைக் குனிய வைச்சுப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. நான் உந்த எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினான். முதலில் மேல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டுப் பார்த்தான். தேய்ந்த கிளச் வழுக்கி நாறியதே தவிர எஞ்சின் அடங்கவில்லை. பிறகு முன் சீற்றைத் தூக்கி, காற்றுப் போகிற குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் சாக்கைச் சுற்றிய பலகைத் துண்டை வைத்து உடம்பாலேயே அமத்திப் பிடித்தான். காற்று இல்லாமல் எஞ்சின் திணறி, ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. அந்த அமைதியில் ஹெலி தூரப் போவதும் கேட்டது. அவன் இறங்கி வந்தபோது இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலில்லை. டேர்போ இரும்பில் அந்தக் கையை ஊன்றிக்கொண்டுதான் அவன் பலகையைப் பிடித்திருக்கிறான். எடுத்தால் பலகை நழுவிவிடும் என்று எடுக்காமல் இருந்திருக்கிறான்.

மீதித் தூரம் வயலில் நின்ற ஒருவர் தந்த சைக்கிளில் சுகந்தியை இருத்தி, அவன் ஒரு கையால் ஹான்டிலையும் எரிந்த கையால் அவள் முதுகையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். நான் பின்னால் ஓடினேன். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் வெளியே கேட்ட பிறகுதான் அவன் கைக்கு மருந்து கட்டப் போனான். இந்தக் கையைப் பற்றி அவன் உனக்கு எழுதவில்லை, இல்லையா? எழுதியிருந்தால் நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய்.

வானைப் பிறகு மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். கொக்குவில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அப்பா இருந்தால் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கழற்றச் சொன்னேன். டேர்போவுக்கு ஒயில் போகிற சின்னக் குழாய்க்குள் கரி அடைத்துக் கிடந்தது. கம்பியை விரலால் பிடித்து ஆட்ட அது மேலும் கீழும் ஆடியது. அங்கிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாயைக் கவிழ்த்தார், ஒயில் ஊற்றியது. இது ஒரு நாளில் வந்த வருத்தமில்லை, கன காலமாகச் சூட்டோடு நிறுத்தி நிறுத்தி வந்தது என்று அவர் சொன்னார். நேசன் பக்கத்தில் நின்றான். அவர் போன பிறகு நான் அவனிடம் கேட்டேன், அப்படியென்றால் நீ ஏன் ஒயிலைக் கூட ஊற்றினேன் என்று எழுதினாய் என்று. அவன் கட்டுப்போட்ட கையைத் தடவினான். தடவிக்கொண்டே சொன்னான்: "மாமி, மச்சான் பிளேன் ஏறப் போற ஆள். தன்ரை பழக்கத்தாலைதான் பெண்சாதியும் பிள்ளையும் நடு ரோட்டிலை கிடந்தது எண்டு தெரிஞ்சா, அங்கை போய் ஒரு வாகனத்திலை நிம்மதியா ஏறுவாரே? என்னோடை கோவிச்சுக்கொண்டு போகட்டும். கோவம் ஆறிப்போம். மற்றது ஆறாது." யாருக்கும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டான்.

நான் கொடுத்தேன். அப்போது உன் கடிதம் வந்திருக்கவில்லை. ஒரு மாதம் கோபித்துக்கொண்டு பிறகு மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். வாசலை மிதிக்காதே என்று எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே நல்லவன்தான், ஆனால் வாயிலிருந்து விட்ட சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியாதவன். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். கொழும்பில் தன் கூடப்பிறந்தவரோடு ஒரு சின்னச் சச்சரவில் கதையாமல் விட்டு, கப்பலேறும் நாளிலும் கதையாமல் வந்தார். பிறகு கதைப்பதற்கு அந்த மனிதர் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார். எனக்குத் தெரியும் எதற்கென்று.

உன்னைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. ஊரே செய்ததைத்தான் நீயும் செய்தாய். உனக்கு அது மனதில் கிடந்து வருத்தும் என்றால், வருத்தட்டும். நீ என் வயிற்றில் பிறந்தவன், தாங்குவாய். உனக்காக இன்னொருவர் பெற்ற பிள்ளை அதைச் சுமக்க வேண்டாம். அங்கே உனக்குத் தருகிற வாகனத்தில் டேர்போ இருந்தால், எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் நிறுத்த முன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடு. அங்கே எண்ணெய்க்குப் பஞ்சமில்லையாம். புகையைக் கண்டால் எல்லாரும் சொல்கிற பெயரைச் சொல்லாமல் இறங்கிப் போய்ப் பார்.

நேசனுக்கு எழுது. எனக்குப் பதில் பிறகு எழுதலாம், சுகந்திக்கும் பிறகு எழுதலாம், முதலில் அவனுக்கு எழுது. வானைப் பற்றி ஒன்றும் வேண்டாம், அது இனி கோழி அடைக்கத்தான் உதவும். கை எப்படி இருக்கிறது என்று கேள். நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும் என்பதையும் மறைக்காதே. கொடுத்த வாக்கை நான் மீறினேன் என்று அவனுக்குத் தெரியட்டும். அதற்கு அவன் என்னோடு கோபித்துக்கொண்டால், நான் படலைக்குப் போய் அதை வாங்கிக்கொள்கிறேன். பின்னேரத்தில் அவன் அங்கேதான் நிற்பான்.

அம்மா